சூடாறிய இஞ்சின்

பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார் சிக்கந்தர்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.
"வெதுவெதுன்னு இருக்கே.
நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிட்டீங்களா?"

திருநகர் மூன்றாவது நிறுத்தம், சாயங்காலம்.
"சும்மா, கழுவ எடுத்தேன்," என்றார் தனுஷ்கோடி.
நான்கு சக்கரங்களிலும் காய்ந்த புழுதி.

நான் ரத்தம் எடுப்பவள்.
அண்ணாநகர் ஆய்வகம் ஒன்றில்
காலை ஆறு முதல் இரண்டு வரை.
வெறும் வயிற்றோடு வரச் சொன்னால்
ஒரு காபியைக் குடித்துவிட்டு வந்து
"ஒண்ணும் சாப்பிடலைம்மா" என்பவர்களை
முகத்திலேயே தெரியும்.
"நாளைக்கு வர்றோம்," என்றேன்,
"விடியறதுக்கு முன்னாடி.
அதுவரைக்கும் சாவியைத் தொடாதீங்க."

ஐந்தரை. தெருவிளக்கு அணையவில்லை.
மார்கழிப் பனி பானட்டில் துடைக்காமல் கிடந்தது.
எண்ணெய் மூடியைத் திருகி
அதன் அடிப்பக்கத்தை
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார் சிக்கந்தர்.
"தயிர் மாதிரி இருந்தா வீட்டுக்குப் போயிருவோம்."
தயிர் இல்லை. கறுப்புதான்.
பச்சைத் தண்ணீர் கோட்டளவு நின்றது.
ரேடியேட்டர்க் குழாயில் எல்லாம் புதுசு,
ஒரே ஒரு கிளிப் மட்டும் துருவேறி.

பில் இருந்தது,
பாலித்தீன் உறைக்குள், விபூதிப் பொட்டலத்தோடு.
திருமங்கலம் ஒர்க்‌ஷாப்.
ஹெட் கழற்றி மட்டம் தட்டியது,
கேஸ்கெட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட்,
நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு.
டர்போவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
"அந்தச் சூட்டுல அதுக்கு ஒண்ணும் ஆகலையா?"
"ஆகியிருந்தா விசில் மாறும்," என்றார் சிக்கந்தர்,
"ஓட்டிக் கேட்டாத்தான் சொல்ல முடியும்."

ஆண்டிபட்டிக் கணவாய் வரை போவோம் என்றேன்.
"அம்புட்டுத் தூரமா?"
"அம்புட்டுத் தூரம்."

செக்கானூரணி தாண்டி, ஏசியை முழுக்கத் திருப்பி
மிதித்தேன்.
யாரோ நெஞ்சில் கைவைத்து
இருக்கையோடு தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது.
பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவர் வழியே கேட்பவர்போல
சிக்கந்தர் கண்ணை மூடிக்கொண்டார்.
முன்னால் ஆடுகள் ஏற்றிய வேன் ஒன்று.
முள் பாதியில் நின்றது.

உசிலம்பட்டி தாண்டும்போது
யாரும் கேட்காமல் தனுஷ்கோடி சொன்னார்:
"கல்லுப்பட்டிகிட்ட டியூப் வெடிச்சிருச்சு.
நானும் தம்பியும் கெணத்துப் பங்கு பேசிக்கிட்டு வந்தோம்.
பேசிக்கிட்டு என்ன, கத்திக்கிட்டு.
முள்ளு சிவப்புல நின்னதை
ரெண்டு பேருமே பார்க்கலை.
ஆவி கண்ணாடியை மறைச்சப்புறம்தான் நிறுத்தினேன்.
நாலு கிலோமீட்டர் இருக்கும்."

கொஞ்சம் கழித்து:
"தம்பி அங்கேயே இறங்கி பஸ் ஏறிட்டான்."

சிக்கந்தர் கண்ணைத் திறந்து கேட்டார்,
"அப்ப எத்தனையாவது கியர்ல இருந்துச்சு?"

கணவாய் ஏற்றத்தில், ஒரு லாரிக்குப் பின்னால்,
முள் நூலளவு ஏறியது.
மூன்று பேரும் அதையே பார்த்தோம்.
விசிறி சுழலத் தொடங்கும் சத்தம்.
முள் இறங்கியது.

மேலே, குரங்குகள் பக்கமாக நிறுத்தினேன்.
சாவிக்குப் போன கையைத் தடுத்தார் சிக்கந்தர்.
"உடனே அணைக்காதீங்க.
டர்போ கொதிச்சுப் போயிருக்கும்,
எண்ணெய் ஓடாம நின்னா கருகிரும்.
ரெண்டு நிமிஷம் விடுங்க."

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடிக்க
நான் சொல்வதும் இவ்வளவு நேரம்தான்.
யாரும் பேசவில்லை.
தனுஷ்கோடி முன்னிருக்கைக்கு நடுவே தலையை நீட்டி
முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்,
வண்டி ஓடாதபோதும்.

நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டேன்.
இருபத்தைந்துக்கு இறங்கினார்.
முன்பணம் பத்தாயிரத்தை இரண்டு முறை எண்ணி
அதிலிருந்து ஒரு ஐந்நூறை உருவி
சிக்கந்தரிடம் நீட்டினார்.
"அந்தப் பழைய கிளிப்பு. அதையும் மாத்திருங்க."
"அது அம்பது ரூபாதாண்ணே."
"தெரியும்," என்றார்
வண்டியைப் பார்க்காமல்.