தரையை விசாரித்தவள்

லமாராவின் மணிக்கட்டு உடைந்த இரவில்
க்ரிம்ஸ்பியில் மழை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
பிற்பாடு மழையின் மேலும் பழி போட்டார்கள்.

ஈரம் உள்ளே இருந்தது:
ஹேடக் மீன் கழுவிய நீர், நொறுங்கிய ஐஸ்,
மூன்று நாளாய் ஒழுகும் குழாய்,
அதன் கீழே யாரோ வைத்து
யாரோ எடுத்துப் போய்விட்ட வாளி.

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
ஸ்லிப். ட்ரிப். ஃபால்.
சூப்பர்வைசர் நைஜல் நடுக்கட்டத்தில் விரலை வைத்தார்:
"எல்லாம் ஒண்ணுதான்மா, இங்கே ஒரு டிக் போடு."
உடைந்தது வலது கை.
இடது கையால் எழுதவராது என்றாள் லமாரா.
அது அன்றைக்கு உதவியது.

படிவம் எங்கள் அறைக்கு வந்தது.
அவள் குட்டாய்சிக்காரி, நான் கௌனாஸ்.
இருவருக்கும் பொதுவாய் ஒரு பழைய அகராதி.
ஸ்லிப்பைத் தேடினால், ஃபால் பார்க்க என்றது.
ஃபாலைத் தேடினால், ஸ்லிப் பார்க்க என்றது,
வாசலில் இரண்டு காவலாளிகள்
ஒருவரை ஒருவர் கைகாட்டுவது போல.
ட்ரிப் இருந்த பக்கத்தில் காப்பிக் கறை.

எனவே நான் நடைக்கூடத்தில் விழுந்து பார்த்தேன்.
முதலில் காலுறையோடு, சோப்புத் தண்ணீரில்:
தரை என்னை விட்டுவிட்டுப் போனது.
அடுத்து சைக்கிள் பம்பைக் குறுக்கே போட்டு:
தரை அங்கேயே இருந்தது, நான்தான் போனேன்.
மாவுக்கட்டு அதிரச் சிரித்தாள் லமாரா.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையை இடித்தார்.

சிரிப்பு நின்றதும் சொன்னாள்:
"ட்ரிப்புக்கு ஏதாவது பொருள் வேண்டும்.
கயிறு, பெட்டி, பம்பு.
அங்கே ஒன்றும் கிடக்கவில்லை.
ஒன்றும் கிடக்கவில்லை என்றால்
கிடந்தது என் கால் என்று ஆகிவிடும்."

யானைக்கு அடி சறுக்கியபோதும்
யாரும் தரையை விசாரித்ததில்லை.
லமாரா விசாரித்தாள்.
வராத இடது கையால்
முதல் கட்டத்தில், கோழி கிண்டியது போல், ஒரு டிக்.

மருத்துவமனையில் வேறு கேள்வி: பெயினா, ஏக்கா?
வித்தியாசம் புரிய இரண்டு வாரம் ஆனது.
அதற்குள் குத்தல் போய்க் குடைச்சல் வந்துவிட்டது.

நவம்பரில் கம்பெனியின் கடிதம்.
ஆக்சிடென்ட் என்று அவள் எழுதிய இடமெல்லாம்
இன்சிடென்ட் என்று திரும்பி வந்திருந்தது,
சலவைக்குப் போய் ரத்தக்கறை நீங்கிய சட்டையாய்.
கடைசி வரியில் ரிக்ரெட்.
அகராதியைத் திறந்தோம்.
ரிக்ரெட், நடந்ததற்கு வருந்துவது.
அப்பாலஜி, செய்ததற்கு.
பக்கங்களைப் புரட்டி
ஒன்றில் ஒரு விரலும் மற்றதில் ஒரு விரலும் வைத்தாள்.
நடுவில் இருந்த தாள்களின் கனம்
மூவாயிரத்து இருநூறு பவுண்டு.

அடுத்த வெள்ளி, பஸ் நிறுத்தத்தில் நைஜல்.
தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.
"சாரி" என்றார்.

விழுவதைக்கூட மூன்றாய்ப் பிரித்து வைத்தவர்கள்
இதை மட்டும் பிரிக்காமல் விட்டிருந்தார்கள்.

"எந்த சாரி?" என்றாள் லமாரா.
கோபமில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல்.

நைஜல் இந்த ஊரிலேயே பிறந்தவர்.
சாரியில் இரண்டு உண்டென்று
இன்றுதான் கேள்விப்படுகிறார்.
ஒன்பதாம் நம்பர் வந்தது, கதவைத் திறந்தது.
அவருடைய பஸ் அதுதான்.
ஏறவில்லை.