நாற்பது டன்

கிதினியா துறைமுகத்தில்
இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டினேன்.
நாற்பது டன் பெட்டியை
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல்
கப்பலில் இறக்குவேன்.

இப்போது மேசைமேல்
ஒரு துணிக்கிளிப்.
நீலநிறம்.

"எடுங்கள், பொகுமிவா.
தோளைத் தூக்கி ஏமாற்றாதீர்கள்."
ஸெமோவித்துக்கு என் மகன் வயசுகூட இல்லை.
எதுவும் தப்பாது அவன் கண்ணுக்கு.

நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்துகிறான்.
வலது கை அசைய
உள்ளே இடது கை எழுகிறது.
பொய்தான்.
மூளைக்குத் தெரியாதாம்,
சொல்லிவிடாதீர்கள் என்கிறான்.

முந்நூறு முறை. நாளைக்கும் முந்நூறு.

ஜன்னலுக்கு வெளியே என் கிரேன்.
மேலே வேறு யாரோ.
அவசரக்காரன்,
காற்று நிற்கும்வரை பொறுக்கத் தெரியவில்லை.

வீட்டில் ரதோஸ்வாவ்
கேட்காமலே பொத்தான் போட்டுவிடுகிறார்.
ஒருநாள் அழுதுவிட்டேன்.
நன்றி என்று நினைத்துக்கொண்டார்.

பதினோராம் வாரம், செவ்வாய்க்கிழமை,
இருநூற்று எத்தனையாவதோ தடவை,
கட்டைவிரல் நகர்ந்தது.

"அருமை. இன்னும் ஐம்பது."

வலது கையை மடியில் வைத்துக்கொண்டு
மெதுவாக, மிக மெதுவாக,
இடது கட்டைவிரலை
சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி
அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம்:
போடா, உனக்கு ஒன்றும் கிடையாது.

ஸெமோவித் கடிகாரம் பார்த்து
நேரம் குறித்துக்கொண்டான்.
அறிக்கையில் அதை
என்ன பெயரிட்டு எழுதினானோ.

பிறகு
அந்த ஐம்பதையும் செய்தேன்.
கிளிப் இரண்டு முறை கீழே விழுந்தது.