பத்துக்கு எத்தனை

தையல் முடிந்தும் தியேட்டரை விட்டு வெளியே எடுக்கவில்லை.
இடுப்புக்குக் கீழே நான் இன்னும் வந்துசேரவில்லை.
மயக்க டொக்டர்
விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே
குளிர்ந்த பசை பூசி ஸ்கேன் கருவியை அழுத்தினார்.
தமிழ் அவருக்குச் சொல் சொல்லாகத்தான் வரும்.
“மூணு தசை. ரெண்டாவது, மூணாவது.
நடுவிலே நரம்பு. அங்கே மருந்து.”

தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன்.
சாம்பல் வரிகள், ஒன்றின்மேல் ஒன்று.
ஊசி வெள்ளைக் கோடாய்ச் சாய்ந்து இறங்கியது.
மருந்து போகப் போக இரண்டு வரிகள் விலகி
கறுப்பாய் ஒரு கண் திறந்தது.
பிறகு மற்றப் பக்கம்.
அவ்வளவுதான்.

மூத்தவனுக்கு அந்தக் கண் திறக்கவில்லை.
ஒரு தும்மலுக்குத் தலையணையைக் கட்டிப்பிடித்திருந்தேன்.
மூன்று நாள் யாரோ அவனைத் தூக்கித் தந்தார்கள்,
யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.
கழிப்பறைக்குப் பதினாறு அடி. எண்ணி வைத்திருக்கிறேன்.
“வெட்டி எடுத்தவளுக்கு என்ன நோ?”
தோடம்பழப் பையைக் கட்டிலில் வைத்தபடி
மாமி கேட்டது இன்னும் கிடக்கிறது.

இந்தமுறை
ஆறாம் மணித்தியாலம் எழுந்து நின்றேன்.
ஜன்னலுக்குக் கீழே இரண்டு புள்ளிமான்கள்
யாரோ எறிந்த லஞ்ச்ஷீட்டை மென்றுகொண்டிருந்தன.
சீனக்குடாப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.
நானே குனிந்து, நானே மகளைத் தூக்கினேன்.
வயிறு இருந்த இடத்தில் பலகை அடித்ததுபோல் இருந்தது.
பலகைக்கு நோகாது.

அடுத்த கட்டில் மூதூர் நயிமா.
இரவு மூன்று மணிக்கு அம்புலன்சில் வந்தவள்.
பிள்ளையின் துடிப்பு இறங்கி
எல்லாரும் ஓடிய ஓட்டத்தில்
ஊசிக்கு ஆள் இல்லை, அல்லது கருவி வேறு அறையில்.
இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.
இருமல் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.
என் தலையணையைக் கொடுத்தேன்.
ஏன் எனக்கு வேண்டாம் என்று
சொல்ல வெட்கமாயிருந்தது.

மகள் மார்பில் வாய் வைத்தாள்.
உள்ளே கருப்பை முஷ்டி பிடித்தது.
அங்கே மருந்து இல்லை.
சுவரைத்தான் மரக்கப்பண்ணினார்கள், வீட்டை அல்ல.
அவர் சொல்லித்தான் இருந்தார்:
“உள்ளே கொஞ்சம் வரும். அது வேறே.”
பல்லைக் கடித்தேன். அவள் விடவில்லை.
விடவேண்டாம் என்றும் இருந்தது.

மிஸ்ஸி பைலோடு வந்தாள்.
“பத்துக்கு எத்தனை?”
வெட்டின இடம் ஒன்று.
பிள்ளை உறிஞ்சினால் ஆறு.
“கட்டம் ஒண்டுதான் இருக்கம்மா.”
“என்ட ஒம்பதையும் அதுக்குள்ளயே போடுங்க”
என்று சிரிக்கப் போன நயிமா
தலையணையை இறுக்கிக்கொண்டாள்.
மிஸ்ஸி எதையோ எழுதினாள்.
நயிமாவுக்கு ஊசிமருந்து கொண்டுவர
கொஞ்சம் வேகமாய்ப் போனதுபோல் இருந்தது.

நாளை மத்தியானம் எனக்கும் விட்டுவிடும்.
இப்போது தண்ணீர்க் குழாய்வரை நடக்கிறேன்.
கையில் இரண்டு போத்தல்.