பதினான்காம் வளைவு

பழைய பேப்பர் கடைத் தராசிலிருந்து
நாற்பது ரூபாய்க்குப் பிடுங்கி வந்தேன்.
லண்டன் கொலை வழக்கு. அட்டையில் ஒரு கூண்டு,
கூண்டில் தொப்பி வைத்த பெண்.
முதல் தாளில் ஊதா மை:
ஈ. ஜெபமணி, நாகலூர் எஸ்டேட், 1954.

புருஷனுக்குக் கோகோவில் நஞ்சு கலந்தாளா இல்லையா,
அவ்வளவுதான் கதை. நல்ல பனி, நல்ல வக்கீல்கள்.
பகலெல்லாம் சேலம் கோர்ட்டு நகல் பிரிவில்
தீர்ப்பு தட்டுகிறவளுக்கு
ராத்திரிக்கும் இதுவா என்றாள் தங்கை.

நாற்பத்தேழாம் பக்கத்தில் பென்சில் ஆரம்பிக்கிறது.
ஜூரர் பன்னிரண்டு பேர் என்ற வரியில்
பன்னிரண்டை அடித்துவிட்டு, ஓரத்தில் தமிழில்:
எங்களுக்கு ஐந்துதான்.

அறுபதில்: மூன்று கை போதும்.
அறுபத்திரண்டில்: இரண்டு தூக்கியாயிற்று.
மணி நாலே முக்கால். கடைசி பஸ் ஐந்துக்கு.

அங்கே ஒரு சமையல்காரி
தேக்கரண்டியைப் பற்றி ஆறு பக்கம் சாட்சி சொல்கிறாள்.
இங்கே ஓரத்தில் சடையன் என்று ஒரு பெயர்,
இரண்டு முறை, ஒன்றன்மேல் ஒன்றாக.

அப்புறம் வெகுதூரம் வெறும் ஓரம்.

நூற்று முப்பதில் எழுத்து சிறுத்து, சாய்ந்து,
அச்சு வரிகளுக்கு நடுவே நுழைகிறது:

பதினான்காம் வளைவில் வண்டி கொதித்து நின்றது.
ஓடையில் தண்ணீர் பிடித்து ரேடியேட்டருக்கு ஊற்றினார்கள்.
இறங்கி நின்றேன். பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை.
அமாவாசை.
முகத்தைப் பார்த்தேன் என்றாளே அந்தப் பெண்,
அன்றைக்கும் அமாவாசைதானே.

அதன் கீழே:
கீழே போக விடிந்தால்தான் பஸ்.

அதற்கும் கீழே:
விடிந்தால் பழம் எடை போடும் நாள்.

தொப்பிக்காரி தப்பித்துவிட்டாள். இருநூற்றுப் பதினொன்றில்
வக்கீல் ஒரு மருந்துச் சீட்டை நீட்ட
கோர்ட்டே எழுந்து நிற்கிறது.
ஜெபமணி அங்கே என்னமோ எழுதி
ரப்பரால் தேய்த்திருக்கிறார்.
டியூப்லைட்டில் பிடித்தால், மெலிந்த தாளில்
பின்பக்கத்து இங்கிலீஷ்தான் திரும்பித் தெரிகிறது.

ரெக்கார்டு ரூமில் கேட்டேன்.
ஐம்பத்துநாலுக்கு முந்தியா, என்று சிரித்தார் கோதண்டம்.
கட்டுகளை எப்போதோ எரித்தாயிற்று,
எரித்ததன் பட்டியலைக் கறையான் தின்றாயிற்று.

எங்கள் பிரிவில் இப்படி ஓர் இடம் வந்தால்
மூன்று புள்ளி வைத்து
'படிக்க இயலவில்லை' என்று அடிப்போம்.
அடித்து, அடியில் முத்திரையும் குத்துவோம்:
உண்மை நகல்.