ஒன்பதடி

போலந்து திரும்புகிற அவசரத்தில் மர்ஸெனா
கழுவாமலே கொடுத்துவிட்டுப் போன ரீல்
என் கோட்டுப் பையில், சாவிக்கொத்தோடு.
கைப்பிடியைச் சுற்றினால்
உள்ளே யாரோ உப்பு மெல்லும் சத்தம்.

"கழற்றி எண்ணெய் விடு, போதும்" என்றார் கெதின்.
ஸ்வான்ஸி ரயிலடிக்குப் பின்னால் அவர் கடை.

முதலில் பத்தடித் தூண்டில் கோல்.
ரீலைப் பூட்டித் தந்ததும் நுனி கவிழ்ந்தது,
கடைசிப் பேருந்தில் தூங்கி வழிபவன் தலையாக.
அடுத்தது ஏழரை.
ஏழரையா, வேண்டவே வேண்டாம்!
நான் சிரித்தது ஏனென்று அவருக்கு விளங்கவில்லை.

பிறகு ஒன்பதடி.
ரீலின் காலுக்குச் சற்று முன்னே
ஒரு விரல் மட்டும் கொடுத்தேன்.
ஆடியது. யோசித்தது.
நகைக்கடைத் தராசின் முள்ளாய் நின்றது.

நாள் முழுக்கக் கல்லாவில்
பால் புட்டி, பூனைத் தீனி என்று
கோடு தேடிப் புரட்டி நொந்த மணிக்கட்டு இது.
அதற்குத்தான் முதலில் தெரிந்தது.
கெதின் சொன்ன விலை அதன் காதில் விழவில்லை.

மாலை, மம்பிள்ஸ் பாறையில்
இருபது கிராம் தகர மீனை
எண்பது தடவை எறிந்தேன்.
கொடுவா எதுவும் கடிக்கவில்லை.
பாசி வந்தது, இரண்டு முறை.
கை வலிக்கவில்லை.

எண்பத்தொன்று.