தகட்டுக்குப் பதினான்கு

செரியோங் எடுத்துக்கொண்டது நான்கு மாதம்.
நான் எடுத்துக்கொண்டது
ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பத்து நிமிடம்.

ஆன்சான் தொழிற்பேட்டை, மூன்றாம் தளம்.
ஜன்னலுக்கு வெளியே சாயப்பட்டறை ஆவி.
அவள் மேசைமேல்
பார்லித் தேநீர் நிறத்தில்
பாலிஇமைடுத் துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஓர் எண்.
ஒன்றை எடுத்து விரலில் சுற்றுவாள்,
அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள்.
பேச மாட்டாள்.

எண்டோஸ்கோப்பின் கழுத்துக்கு அது.
முன்பின் தெரியாத ஒருவரின் தொண்டை வழியே இறங்கி
இரைப்பையின் முனையில்
தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.
இரண்டு லட்சம் முறை வளையவேண்டும்,
அறக்கூடாது.

முதலில் இரண்டடுக்கு வேண்டாமென்றாள்.
வளையும்போது வெளியடுக்கு இழுபடும்,
உள்ளடுக்கு நசுங்கும்,
ஒன்றின் சங்கடம் மற்றதன் தலையில்.
ஒற்றைச் செம்பு போதும்.
மேலே ஒரு படலம், கீழே அதே கனத்தில் ஒன்று,
செம்பு நட்டநடுவில்:
அங்கே இழுப்பும் இல்லை, நசுக்கலும் இல்லை.

அடுத்து செம்புக்கும் அடிப்படலத்துக்கும் நடுவில் பசை.
விற்பனையாளர் குக் மூன்று தடவை வந்தார்,
பேரிக்காய்ப் பெட்டியோடு.
பசையுள்ளது மலிவு என்றார்,
எல்லோரும் வாங்குகிறார்கள் என்றார்.
பேரிக்காயை எங்களுக்குப் பங்குவைத்துவிட்டு
பசையில்லாததை எழுதிக்கொடுத்தாள்.

கடைசியில் செம்பு.
மின்முலாமில் வளர்ந்த செம்புக்குப்
படிகங்கள் நெட்டுக்குத்தாய் நிற்கும்,
வளைத்தால் இடுக்கில் விரிசல் விழும்.
உருளையில் நசுக்கி, சூட்டில் பதம்வந்த செம்பில்
அவை படுத்துக்கிடக்கும்.
படுத்ததை வளைக்கலாம்.
பன்னிரண்டு மைக்ரான். முடிந்தது.

பிறகு வரைபடம் என்னிடம் வந்தது.
தகட்டில் துண்டுகளை அடுக்குவது என் வேலை.
நீளவாக்கில் அடுக்கினால் பதினொன்று.
தொண்ணூறு பாகை திருப்பினால் பதினான்கு.
திருப்பினேன்.
கொள்முதல் பிரிவிலிருந்து
கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று கைபேசிக்கு வந்தது.
அதை மனைவியிடம்கூடக் காட்டினேன்.

வொன்சிக்கின் வளைப்பு இயந்திரம்
முப்பத்தோராயிரத்தில் நின்றது.
மறு துண்டு, இருபத்தொன்பதாயிரம்.
அதற்கடுத்தது, முப்பத்திரண்டு.
செரியோங் படலத்தைச் சந்தேகித்தாள்,
உறையை, அழுத்தத்தை, அடுப்பை,
குக்கைக்கூட.
இரவு பதினொன்றுக்கும் அவள் விளக்கு எரிந்தது.

சனிக்கிழமை, மூலைக்கடை வாசல்.
பிளாஸ்டிக் நாற்காலி, சோஜு,
சுட்ட காய்ந்த கணவாய்.
ஒரு பக்கமாய்க் கிழித்தேன், நூல் நூலாய் வந்தது.
திருப்பிப் பிடித்து இழுத்தேன்,
கை வலித்ததுதான் மிச்சம்.
எதிரே இருந்தவன் ஏதோ கேட்டான்.
எனக்குக் காது அடைத்துவிட்டது.

உருளையில் போன செம்புக்கு
ஓர் ஓட்டம் உண்டு.
அந்த இழைக்குக் குறுக்கே மடித்தால் தாங்கும்.
இழையோடு மடித்தால்
இந்தக் கணவாய்தான்.

அவளுக்கு அன்றே சொல்லியிருக்கலாம்.
எண் என்னிடம் இருந்தது.
ஞாயிறு முழுதும் கைபேசியைக் கவிழ்த்தே வைத்தேன்.

திங்கள் காலை சொன்னேன்.
திட்டுவாள் என்று
முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
அவள் வரைபடத்தை விரித்தாள்.
மூலை மூலையாய்த் தேடினாள்.
கனம், அகலம், வளைவு ஆரம்,
பசை இல்லை என்பது,
உருட்டிய செம்பு என்பது,
தேதி, கையெழுத்து.
எந்தப் பக்கம் இழை ஓடவேண்டும் என்ற
ஓர் அம்புக்குறி மட்டும்
எங்குமே இல்லை.

இருவரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது,
அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

சிவப்புப் பேனாவால் அம்பு போட்டாள்.
தகட்டுக்குப் பதினொன்று.
மீதி மூன்று எங்கே போனது என்று
கொள்முதல் பிரிவு
இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு லட்சத்து நாலாயிரத்தில்
வொன்சிக் இயந்திரத்தை நிறுத்தினான்.
ஓடிப்போய்ப் பார்த்தோம்.
செம்பு அறவில்லை,
அவனுக்குப் பசி.