எட்டாவது பெயர்

வெள்ளி நாலு மணிக்குப் படிவம் பூட்டுப்படும்.
இப்போது இரண்டே கால்.
இராமநாதன் வீதிக் கடையில் றோல்ஸ் ஆறுகிறது.
எண்ணெய் படாத சுண்டுவிரலால்
திரையைத் தள்ளிப் பார்க்கிறேன்.

இயந்திரக் கற்றல்: அறுபத்தொரு பேர்.
முகில் கணிமை: நாற்பத்து நாலு.
பட முறைவழியாக்கம்: ஐம்பது
(சேர் ஒருவரையும் பெயிலாக்குவதில்லை என்று கதை).
கம்பைலர் வடிவமைப்பு: ஏழு.

எட்டுப் பேர் சேராவிட்டால் பாடம் இல்லை.
பேராதனையிலிருந்து இரவு பஸ்ஸில் வரவேண்டிய ஆள்
வரமாட்டார்.

மிதுஷாவைக் கெஞ்சிச் சேர்த்தது நான்.
ரிஸ்மினாவுக்குப் பழைய வினாத்தாள் தேடிக் கொடுத்தது நான்.
யதுகுலனிடம், "நாலு பேர் முன்னாலை இருந்து படிச்சா
எல்லாருக்கும் ஏ தான்" என்று
கூசாமல் பொய் சொன்னதும் நான்.
அந்த ஏழில் என் பெயர் இல்லை.
அதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அண்ணா ஸ்கார்பரோவிலிருந்து எடுக்கிறான்.
அங்கே விடிய ஐந்து மணி,
வேலை முடிந்து சப்பாத்துக் கழற்றும் சத்தம்.
"கம்பைலர் இப்ப ஆர் எழுதுறாங்கள்?
டேட்டா சயன்ஸ் எடு. பேந்து அழாதை."
போர்டிங் வாடகை அவன் அனுப்புவது.
நான் "ஓம்" என்கிறேன்.
ஓம் என்பது சம்மதமல்ல, கேட்கிறது என்று மட்டும்தான்;
அவனுக்கும் அது தெரியும்.

பொதி நிரப்பும் கணக்கில் நான் கெட்டிக்காரி.
இந்தப் பையில் இவ்வளவு நிறை,
இந்தப் பொருளுக்கு இந்தப் பெறுமதி,
அட்டவணை கீறினால் ஆகச் சிறந்த விடை
வலது கீழ் மூலையில் வந்து நிற்கும்.
இன்றும் கீறினேன், றோல்ஸ் சுற்றிய கடதாசியில்.
பன்னிரண்டு கிரெடிட், நாலு பாடம்.
நிறையை எழுதினேன்.
பெறுமதி நிரலுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது.
கேள்வித்தாளில் அதை எப்போதும்
வேறு யாரோ நிரப்பித்தானே தந்தார்கள்.

இரண்டாம் வருடம், ஆய்வுகூடம்,
எல்லாரும் போய் ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்த பின்னேரம்.
கூட்டல் கழித்தல் மட்டும் விளங்கும்
ஒரு சின்ன மொழி செய்திருந்தேன்.
பிழை விட்டால் என்ன சொல்லவேண்டும் என்று
நானே எழுதி வைத்திருந்தேன்.
பதினாலாம் வரியில் அது என்னையே பேசியது:
"திறந்த அடைப்பை மூடு, பிள்ளை."
தனியே இருந்து சிரித்தேன்.
அந்தச் சிரிப்புக்கு எத்தனை புள்ளி?
தன்னியக்கக் கோட்பாட்டில் எனக்கு வந்ததோ
பி மைனஸ்.

மூன்று நாற்பது.
இஷார சைக்கிளைச் சாத்திவிட்டு வருகிறான்,
சட்டையெல்லாம் வியர்வை.
"இந்தக் கம்பைலர் எந்த நாள்?"
புதன், இரண்டு மணி.
"திங்கள் காலை இல்லைத்தானே?"
இல்லை.
"அப்ப ஞாயிறு இரவும் மாத்தறையிலை நிக்கலாம்."
நின்ற நிலையில் போனை எடுத்துப் போட்டுவிட்டான்.
ஒரு பாடம் பிழைத்தது
ரயில் நேரசூசியால்.

எட்டு.
மிதுஷா மேசையில் தட்டுகிறாள்.
நான் இல்லாமலே எட்டு.
இரண்டு கிழமையாக
பாடத்தைக் காப்பாற்றவேண்டும் என்று ஓடினேன்.
இப்போது காப்பாற்ற ஒன்றுமில்லை.
யாருக்கும் நான் தேவையில்லை.
வேண்டுமா என்று
இப்போதுதான் முதன்முதலாக என்னைக் கேட்க முடிகிறது.

கேட்டேன்.
மூன்று ஐம்பத்தாறு.

"ஒன்பது எண்டு காட்டுது, ஆரது?"
மிதுஷா திரையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து,
"அடி பாவி, நீ முந்தியே போட்டிட்டாய் எண்டெல்லே
நான் சேர்ந்தனான்."

றோல்ஸ் காசு நான் கொடுத்தேன்.
ஐந்து பேருக்கும்.
கணக்குக் கீறிய கடதாசி
எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல் ஆகிவிட்டது;
எழுதாத நிரலுக்குள்ளால்
மேசையின் பச்சை நிறம் தெரிந்தது.